புரஸ்டேட் ஒப்பரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிகிறதா? மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புரஸ்டேட் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் முடிந்து, சிறுநீர் போக வைத்த டியூபைக் கழற்றியவர்கள், திகதி கிடைத்துக் காத்திருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவி பிள்ளைகள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புற்றுநோயைப் பற்றி டொக்டர்மார் விளக்குவார்கள். ஆனால் டியூப் போன பிறகு சாரம் நனைந்துகொண்டே இருக்கும்போது என்ன செய்வது, எதை வாங்குவது, யாரிடம் கேட்பது என்பதையெல்லாம் தமிழில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பல பேரிடம் விசாரித்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். முன்னேற்றம் அதிகமாகத் தெரிவது முதல் ஆறு மாதத்தில்தான். அந்தக் காலத்தை யாரிடமும் சொல்லாமல் லயத்துக்குள்ளேயே கழித்துவிட்டு, ‘வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்’ என்று இருந்துவிட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். கோயிலுக்கும் போவதில்லை, கல்யாணத்துக்கும் போவதில்லை. அவர்களுக்கு யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

1. ஏன் கசிகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

சிறுநீர்ப்பைக்குக் கீழே இரண்டு பூட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது தானாக வேலை செய்வது. புரஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுக்கும்போது அதன் வேலை பெரும்பாலும் போய்விடுகிறது. கீழே இருப்பது நம் விருப்பத்துக்கு இறுக்கக்கூடிய தசை. இவ்வளவு காலம் அரைவேலை பார்த்த அந்தத் தசைதான் இனி முழு வேலையும் பார்க்க வேண்டும். அதற்குப் பலம் வரும் வரைக்கும் இருமினால், தும்மினால், சிரித்தால், கதிரையிலிருந்து எழும்பினால், படி இறங்கினால் கசியும்.

பெரும்பாலும் முதலில் நிற்பது படுத்திருக்கும் நேரத்துக் கசிவுதான். பிறகு காலை நேரம் சரியாகும். சாயந்தரக் கசிவு கடைசியில்தான் போகும், ஏனென்றால் நாள் முழுக்க வேலை செய்த தசை அப்போது களைத்துப்போயிருக்கும். காலையில் நன்றாக இருந்து சாயந்தரம் நனைந்தால் பயப்படாதீர்கள், அது வழமை. பலருக்கு மூன்று மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். ஒரு வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘எனக்கும் புரஸ்டேட் ஒப்பரேஷன்தான், ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு’ என்று யாராவது சொல்வார்கள். அவருக்குச் செய்தது அநேகமாகச் சாதாரண வீக்கத்துக்கு உள்ளே கருவி விட்டுச் சுரண்டி எடுக்கும் ஒப்பரேஷனாக இருக்கும். அது வேறு, இது வேறு. அவரோடு உங்களை ஒப்பிட்டு மனதைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம்.

2. காகிதங்களை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள்

ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். அதற்குள் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் ஆகும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, பயொப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதித்த) ரிப்போர்ட், ஒப்பரேஷனுக்குப் பிறகு எடுத்த சுரப்பியின் ரிப்போர்ட், பி.எஸ்.ஏ. (புரஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும்) இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் திகதி வரிசையில், அடையாள அட்டையின் போட்டோகொப்பி, இப்போது குடிக்கும் எல்லா மாத்திரைகளின் பெயர்கள். பிரஷர், சீனி மாத்திரைகளையும் விட்டுவிடாதீர்கள்.

டயக்னோசிஸ் கார்டை லெமினேட் பண்ணக் கூடாது, டொக்டர்மார் அதில் மேலும் எழுத வேண்டி வரும். இரண்டு போட்டோகொப்பி எடுத்து ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைப் பிள்ளைகளிடமும் வையுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். மழையில் நனைந்து எழுத்து அழிந்த கார்டோடு கிளினிக்கில் நிற்பது பெரிய அவஸ்தை, வார்டில் உங்களைப் பற்றி எழுதி வைத்த பழைய டிக்கெட்டைத் தேடி எடுக்கவே அந்த நாள் போய்விடும்.

அந்தக் கார்ட் வேறொரு காரணத்துக்கும் முக்கியம். அதை நான்காவது படியில் சொல்கிறேன்.

3. ஒப்பரேஷனுக்கு முன்பே தசைப் பயிற்சியைத் தொடங்குங்கள்

திகதிக்காகக் காத்திருக்கும் கிழமைகள் வீண் இல்லை. டியூப், வலி, தையல் எதுவும் இல்லாத அந்த நேரத்தில்தான் சரியான தசையைக் கண்டுபிடிப்பது லேசு. கிளினிக்கில் டொக்டரிடம், ‘பிசியோதெரபிக்கு ஒரு துண்டு எழுதித் தாருங்கள்’ என்று நீங்களாகவே கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. கூட்டத்தில் டொக்டருக்கு ஞாபகம் வராமல் போகலாம், ஆனால் கேட்டால் எழுதித் தருவார்கள். பயிற்சியை எப்படிச் செய்வது என்பது ஐந்தாவது படியில் இருக்கிறது.

புகைக்கிறவர்கள் நிறுத்துங்கள். இங்கே குளிரும் மூடுபனியும் சேர்ந்து ஏற்கெனவே இருமல் வரும் ஊர். ஒவ்வொரு இருமலும் அந்தத் தசைக்கு ஒரு அடி.

4. டியூப் இருக்கும் நாட்களும் கழற்றும் நாளும்

டியூப் பொதுவாக ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வரை இருக்கும். அந்த நாட்களில் தசைப் பயிற்சி செய்யக் கூடாது. யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது தோளில் மாட்டக் கூடாது. முக்கால்வாசி நிறைவதற்கு முன்பே ஊற்றிவிடுங்கள். டியூப் வெளியே வரும் இடத்தைத் தினமும் சோப் போட்டுக் கழுவுங்கள். டியூபைச் சுற்றி இடைக்கிடை கொஞ்சம் கசிவதும், கழிப்பறையில் முக்கும்போது லேசாக இரத்தம் தெரிவதும் உண்டு. ஆனால் பேக்குக்குள் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு கல்லாக இறுகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த முக்கியமான விஷயம். உள்ளே சிறுநீர்ப்பையையும் குழாயையும் புதிதாகத் தைத்து இணைத்திருக்கிறார்கள். டியூப் தவறி வெளியே வந்துவிட்டாலும், கழற்றிய பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், பக்கத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் வழக்கம்போல ஒரு புது டியூபைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். அந்தத் தையல் பிய்ந்துபோகலாம். கார்டைக் காட்டி, ‘புரஸ்டேட் முழுக்க எடுத்த ஒப்பரேஷன், செய்த யூனிட்டோட பேசிட்டு செய்யுங்க மிஸ்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வார்ட் நம்பரையும் யூனிட்டின் போன் நம்பரையும் கார்டின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். இந்த ஒரு வரியை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சொல்லப்போவது நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்கள் மகனோ மருமகளோதான்.

டியூப் கழற்றும் நாளுக்கு எடுத்துப்போக வேண்டியவை: இறுக்கமான உள்ளாடை இரண்டு, பேட் அல்லது பேம்பர்ஸ் நாலைந்து, கறுப்பு அல்லது கடும் நீலக் கால்சட்டை ஒன்று கூடுதலாக, பழைய துவாய், பொலித்தீன் பை, ஒரு போத்தல் தண்ணீர். கழற்றிய பிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லி, எவ்வளவு போகிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஒழுங்காகப் போன பிறகுதான் ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிடுங்கள். முடிந்தால் அன்றைய ராத்திரி நகரத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். மலைக்கு ஏறிய பிறகு அடைத்துக்கொண்டால், பிரதான பாதைக்கு இறங்கவே நேரமாகும் தோட்டங்கள் எத்தனையோ. அப்படி ஆகிவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

கழற்றிய முதல் நாட்களில் குழாயைத் திறந்துவிட்டதுபோல ஓடலாம். ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

5. சரியான தசையைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். பயிற்சி செய்தும் பலன் இல்லை என்கிறவர்களில் நிறையப் பேர் வேறு தசையை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதாக மனதில் நினைத்து உள்ளே இறுக்குங்கள். ஆணுறுப்பை உடம்புக்குள் இழுத்துக் குட்டையாக்குவதாக நினைத்தாலும் சரி. கண்ணாடி முன்னால் உடுப்பில்லாமல் நின்று இதைச் செய்து பாருங்கள். உறுப்பின் அடி உள்ளே இழுபட்டு விதைகள் சற்று மேலே எழும்பினால் சரியான தசை. குண்டி இறுகினால், தொடை ஒட்டினால், வயிறு உப்பினால், மூச்சு நின்றால் பிழை. கீழ்நோக்கி முக்குவது மிகப் பெரிய பிழை, அது கசிவைக் கூட்டும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த பிசியோதெரபி மிஸ் ஒரு நல்ல வழி காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க இறுக்கிக்கொண்டிருந்தேன். ‘ஐயா, வாய் விட்டு எண்ணுங்க. ஒன்று, ரெண்டு, மூன்று. எண்ணும்போது மூச்சைப் புடிக்க ஏலாது’ என்றார். அவ்வளவுதான். எண்ணத் தொடங்கியதும் வயிறு தளர்ந்தது, உள்ளே ஒரு சின்ன இறுக்கம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அவ்வளவு சின்னதுதான் அது. பலம் போட்டுச் செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

உண்மையிலேயே சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை, தசையை அடையாளம் காண ஒரு தரம் செய்யலாம். அதையே தினசரிப் பயிற்சியாக்காதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் கிருமி தொற்ற வாய்ப்பிருக்கிறது.

6. தினமும் செய்யும் பயிற்சி

மெதுவான இறுக்கம்: மூன்று எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். பத்துத் தடவை. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி, பத்து எண்ணும் வரை கொண்டுபோங்கள். தளர்த்துவதும் பயிற்சிதான், அதைச் சுருக்க வேண்டாம்.

வேகமான இறுக்கம்: சட்டென்று இறுக்கி சட்டென்று விடுங்கள். பத்துத் தடவை. இருமலையும் தும்மலையும் பிடிப்பது இதுதான்.

இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று. நாளைக்கு மூன்று சுற்றுப் போதும். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, அதற்குப் பிறகு நின்று. நின்றபடி செய்யப் பழகாவிட்டால் உண்மையான வாழ்க்கைக்கு உதவாது, ஏனென்றால் கசிவதெல்லாம் நிற்கும்போதும் நடக்கும்போதும்தான்.

சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வேண்டாம். தசை களைத்து, சாயந்தரக் கசிவு கூடும். நேரத்தோடு கட்டிவிடுங்கள்: காலையில் முகம் கழுவியதும் ஒன்று, பகல் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, ராத்திரி நியூஸ் நேரத்தில் ஒன்று.

அதோடு ஒரு பழக்கம் சேர வேண்டும். எழும்புவதற்கு முன், இருமுவதற்கு முன், எதையாவது தூக்குவதற்கு முன் இறுக்கிவிட்டுத்தான் அசைய வேண்டும். நம் ஊரில் இதற்கு நல்ல பயிற்சிக் களம் படிக்கட்டுதான். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சீமெந்துப் படிகளில், முதல் படியில் நின்று இறுக்குங்கள், கால் வையுங்கள், அடுத்த படியில் தளர்த்துங்கள், மீண்டும் இறுக்கி அடுத்தது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம் கசியும். மெதுவாக இறங்கும் உங்களைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால் சொல்லட்டும். கொஞ்ச நாளில் யோசிக்காமலே தசை தானாக இறுகத் தொடங்கும்.

7. தேத்தண்ணியும் தண்ணீரும்

தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களிடம் தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். தேயிலையில் கெஃபீன் இருக்கிறது. அது சிறுநீர்ப்பையைத் தூண்டி, அடக்க முடியாத அவசரத்தை உண்டாக்கும். நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் தலைவலிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து, காலையில் ஒன்று, பகலில் ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள், சாயமும் இளஞ்சாயமாக இருக்கட்டும். மற்ற நேரத்துக்குக் கொத்தமல்லித் தண்ணீரோ வெறும் சுடுதண்ணீரோ போதும். கோப்பியும் சாராயமும் பியரும் இந்தக் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

‘நீர்க்கடுப்புக்கு நல்லது’ என்று பொல்பலா என்கிற சிறுபீளையை அவித்துத் தருவார்கள். அது சிறுநீரைக் கூட்டுவதற்காகவே குடிக்கப்படுவது. தசைக்குப் பலம் வரும் வரை தள்ளி வையுங்கள்.

கசிகிறதே என்று தண்ணீரை நிறுத்துவதும் கூடாது. சிறுநீர் கடுமையாகி மஞ்சளாகப் போனால் பை இன்னும் எரிச்சலடையும், கிருமியும் தொற்றும். டொக்டர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீட்டர் குடியுங்கள், அதில் பெரும்பகுதியைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். படுக்கப் போவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்துங்கள். குளிர் கூடிய மாதங்களில் எல்லாருக்குமே சிறுநீர் கூடப் போகும். இடுப்பும் காலும் சூடாக இருக்கட்டும்.

மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டி வரும், முக்கினால் கசியும், தையலுக்கும் கூடாது. கீரை, பப்பாசி, வாழைப்பழம். அதற்கும் சரிவராவிட்டால் கிளினிக்கில் மருந்து கேளுங்கள்.

மாத்திரைகளையும் டொக்டரிடம் காட்டுங்கள். எனலாப்ரில் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரும். பிரசோசின், டம்சுலோசின் போன்றவை சிறுநீர் வழியைத் தளர்த்தும். புரஸ்டேட் வீக்கத்துக்கு என்று முன்பு எழுதியதை, சுரப்பியே போன பிறகும் குடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், ‘இது இன்னும் தேவையா?’ என்று கேளுங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் எடுபடாது, சிறுநீர் அவ்வளவு கூடும்.

8. பேட், துணி, செலவு

ஒப்பரேஷனும் கிளினிக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். கையைக் கடிப்பது பேட்தான். ஒரு பேம்பர்ஸ் 200 ரூபா என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். நாளைக்கு நாலு என்றால் 800 ரூபா, மாதத்துக்கு 24,000. தோட்டத்தில் கிட்டத்தட்ட அரைப் பேர்ச் (அரை நாள்) சம்பளம் தினமும் அதற்கே போகும். அதனால் எல்லா நேரத்துக்கும் ஒரே சாமானைப் பாவிக்காதீர்கள்.

முதல் இரண்டு மூன்று கிழமைக்கு, வெளியே போகும்போதும் ராத்திரியிலும் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ். வீட்டில் இருக்கும்போது மடித்துத் தைத்த பருத்தித் துணி. பழைய சேலை, பழைய பனியன் நல்லது. ஆனால் நம் மழைக்கும் பனிக்கும் துணி காய இரண்டு நாள் ஆகும், ஆகவே இருபதுக்குக் குறையாமல் தைத்து வையுங்கள். கசிவு குறைந்ததும் ஆண்களுக்கான சின்ன பேட், கிடைக்காவிட்டால் பெண்கள் பாவிக்கும் நெப்கின். வாங்க வெட்கமாக இருந்தால் மனைவியை அனுப்பலாம், ஆனால் பார்மசிக்காரருக்கு இதெல்லாம் தினமும் பார்க்கும் வியாபாரம். மொத்தப் பெட்டியாக முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். அளவும் தேவையும் மாதத்துக்கு மாதம் மாறும்.

எந்த பேட் ஆனாலும் உடம்போடு ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். சாரத்துக்குள் வெறுமனே வைத்தால் நழுவும். உள்ளே இறுக்கமான உள்ளாடை போட்டு, உறுப்பு கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, அதன் மேல் சாரத்தைக் கட்டுங்கள். மெத்தையில் ரப்பர் சீட் விரித்து அதன் மேல் மடித்த துவாய் போடுங்கள். ராத்திரியில் மழையில் வெளியே கழிப்பறைக்கு ஓடுவதைவிடக் கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் போத்தல் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அது இதைவிடப் பெரிய வேதனை.

பேட் மாற்றும்போதெல்லாம் கழுவி, ஒற்றித் துடைத்து, சிங்க் ஒக்சைட் கிறீமை மெல்லிசாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் பேட் உறிஞ்சாது. பாவித்ததைக் கழிப்பறைக் குழிக்குள் போடாதீர்கள், அடைத்துவிடும், லயத்துக் கழிப்பறை உங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. பத்திரிகைத் தாளில் சுற்றிக் குப்பைக்குக் கொடுங்கள், குப்பை எடுக்க வராத தோட்டமென்றால் ஆழமாகப் புதையுங்கள்.

பார்மசியில் உறுப்பில் மாட்டும் கிளிப், உறை போன்ற வெளிக் குழாய் எல்லாம் காட்டுவார்கள். டொக்டரைக் கேட்காமல் கிளிப் வாங்காதீர்கள். காயம் ஆறும் காலத்தில் அது ஆபத்து, நாள் முழுக்க மாட்டினால் தோல் செத்துப்போகும், தசையும் சோம்பேறியாகும்.

பண உதவிக்கு: பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, புற்றுநோயாளருக்கான உதவி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். டயக்னோசிஸ் கார்ட் கொப்பி, அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, வங்கிப் புத்தகக் கொப்பி இவற்றைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும். செலவு செய்துவிட்டு பில்லோடு போவதைவிட முன்கூட்டியே போய்க் கேட்பது நல்லது.

9. ஒரு கொப்பி வையுங்கள்

பிள்ளைகளின் பழைய ஸ்கூல் கொப்பி போதும். மாதத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள், என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது, எத்தனை பேட் என்று எழுதுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் காய்ந்த பேட்டையும் நனைந்த பேட்டையும் பொலித்தீனில் வைத்து நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலீட்டர் கசிந்திருக்கிறது. நாளைக்கு நாலு பேட் என்ற எண்ணிக்கை மாறாமலே இருக்கலாம், ஆனால் போன மாதம் 400 கிராம் இருந்தது இந்த மாதம் 150 ஆகியிருக்கும். தராசில் அதைப் பார்க்காவிட்டால் முன்னேற்றமே இல்லை என்று மனம் விட்டுவிடுவீர்கள்.

‘எதற்கும் ஒருதரம் போய்விட்டு வருவோம்’ என்று அரை மணிக்கொருதரம் போகும் பழக்கத்தையும் கொப்பி காட்டிக்கொடுக்கும். அப்படிப் போனால் பை சுருங்கிப்போகும். அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்று, வேகமாக நாலைந்து தடவை இறுக்குங்கள், அது தணிந்த பிறகு நடந்து போங்கள். இப்படிப் பத்து, பதினைந்து நிமிஷமாகக் கூட்டி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் குறி.

10. கிளினிக் பயணமும் வேலையும்

ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கண்டிக்கு பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் ஆகும். வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் முன்பிருந்து தேத்தண்ணி வேண்டாம், தண்ணீர் மிடறு மிடறாக. வழியோர சீட்டில் உட்காருங்கள். பின் சீட் தூக்கிப் போடும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கசியும். இரண்டு பாதையும் கம்பளை வழியாகத்தான் போகின்றன, தேவைப்பட்டால் அங்கே இறங்கி பேட் மாற்றிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். ரயில் கிடைத்தால் ரயில், கழிப்பறை இருக்கிறது. சில்லறைக் காசு, மாற்று உடுப்பு, பொலித்தீன் பை எப்போதும் பைக்குள் இருக்கட்டும்.

கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள். ‘முத்ரா இபேம யனவா’ என்றால் சிறுநீர் தானாகப் போகிறது என்பது அவர்களுக்கு விளங்கும். கொப்பியைத் திறந்து காட்டுங்கள், எண்களுக்கு மொழி தேவையில்லை.

ஆறு கிழமைக்கு விறகுக்கட்டு, உரமூட்டை, தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மருந்தடிக்கும் டேங்க் எதையும் தூக்கக் கூடாது. கவ்வாத்தும் மண்வெட்டி வேலையும் அதற்குப் பிறகும் டொக்டர் சொன்ன பிறகுதான். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே மெடிக்கல் சர்ட்டிபிகேட்டையும், பாரம் தூக்காத வேலை தரும்படி ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்காகவே இன்னொரு நாள் மலை இறங்குவது வீண் செலவு. நடப்பது நல்லது, தினமும் நடங்கள்.

11. இவை வந்தால் காத்திருக்காதீர்கள்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீர் அடியோடு நின்றுபோவது. கட்டி கட்டியாக இரத்தம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. திடீரென்று நெஞ்சு வலி, மூச்சு முட்டல். கடைசி இரண்டும் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அந்த நிமிஷமே 1990.

இன்னொன்று மெதுவாக வரும். சில மாதம் கழித்து சிறுநீர்த் தாரை நூல்போல மெலிந்து, முக்கிப் போக வேண்டி வந்தால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். குறைந்து வந்த கசிவு திரும்பக் கூடுவதும் அதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்துக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே போங்கள்.

12. மாதங்கள் போயும் நிற்காவிட்டால்

மூன்று மாதத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பிசியோதெரபியில் மீண்டும் காட்டி, இறுக்குவது சரியா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அவசரம் கூடிய கசிவென்றால் மாத்திரை இருக்கிறது. கண் பிரஷர் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் பேட் இல்லாமல் இருக்க முடியாவிட்டால், அதற்கும் ஒப்பரேஷன் இருக்கிறது. கசிவு நடுத்தரமாக இருந்தால் சிறுநீர்க் குழாயைத் தாங்கிப்பிடிக்கும் நாடா. கடுமையாக இருந்தால் செயற்கை வால்வு. அதில் விதைப்பைக்குள் வைத்த சின்ன பம்ப் ஒன்றை விரலால் அமுக்கினால் வழி திறக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். வால்வு வெளிநாட்டுச் சாமான், விலை மிக அதிகம். யூரோலஜி டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு எது பொருந்தும், இலங்கையில் எங்கே செய்கிறார்கள், சாமானின் விலையை யார் கட்டுவது. ரேடியேஷன் எடுத்திருந்தால், அல்லது எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள், முடிவு அதனால் மாறும். ஆண்மை தொடர்பான கேள்விகளையும் அங்கேயே கேளுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. மனைவியும் கூட இருந்தால் நல்லது.

கசிவு முழுதாக நின்றவர்களும் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. பி.எஸ்.ஏ. பரிசோதனை முதல் தடவை ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் எடுப்பார்கள். பிறகு சொன்ன திகதிகளில் வருஷக்கணக்காகத் தொடர வேண்டும். சுரப்பி இல்லாத உடம்பில் அந்த எண் மிகச் சிறியதாக, 0.1க்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எண்ணையும் திகதியையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ரிப்போர்ட் பின்னேரம்தான் கிடைக்கும் என்றால், அடுத்த முறை இரத்தத்தைப் பத்து நாள் முன்பே ஊரில் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு கிளினிக்குக்குப் போகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பயணம் மிச்சமாகும்.